கவனிக்காமல் விடுதல்

ஜூன் 9, திங்கள்

கல்லூரி திறந்தது. விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து 'மனநல ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டிவிட்டார்கள். இளநீலத்தில் திரைச்சீலை. பிளாஸ்டிக் செடி. மேசை மேல் டிஷ்யூ பெட்டி. அழ வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு. பழைய ஃபுட்பால் நாற்றம் மட்டும் போகவில்லை.

பொறுப்பாளர் விஜிலா. என்னிடம் எம்.எஸ்ஸி. படித்தவள், இப்போது என் துறையிலேயே உதவிப் பேராசிரியை. எதிரே உட்கார்ந்தவர் சொல்வதைக் கேட்டு "ம்ம்" என்று தலையாட்டுவதுதான் அவளுடைய சிகிச்சை. "கஷ்டமா இருக்கு" என்றால் "உங்களுக்குக் கஷ்டமா இருக்கு" என்று திருப்பிச் சொல்வாள். இதற்கு ஒரு முனைவர் பட்டம். கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கத்தினாலும் இதே பதில்தான் வரும், அதுவும் முன்பதிவு இல்லாமல்.

"தாணு சார், துறைத்தலைவரா ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் முதல்வர். பேசினேன். மனிதன் பேசிப் பேசி மாறுவதில்லை. ஒன்றைச் செய்தால் பிறகு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறான். சோதனைப் பெட்டிக்குள் இருக்கும் புறாவும் அப்படித்தான், பேராசிரியரும் அப்படித்தான் என்றேன். கைதட்டல் போதாது. விஜிலா மட்டும் நன்றாகத் தட்டினாள். அது அவளுடைய தொழில்.

வீட்டில் மகன் நீலகண்டன் அறைச் சீலிங் ஃபேன் இன்னும் ரிப்பேரிலிருந்து வரவில்லை. மே மாதம் கழற்றிக்கொண்டு போனது. வடசேரி தொடங்கி நாகர்கோவில் முழுக்க ஃபேன் சுற்றுகிறது, எங்கள் வீட்டு ஃபேனுக்கு மட்டும் மெக்கானிக் கிடைக்கவில்லையாம். கேட்டால் வடிவு, "டேபிள் ஃபேன் இருக்குல்லா, அது போதும்" என்கிறாள்.

ஜூன் 11, புதன்

காய் நறுக்கும் கத்தியைக் காணோம். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்திருக்கிறாளாம். தேங்காய்த் துருவியைக்கூட யாருக்கும் தராதவள் என் மனைவி.

ஜூன் 15, ஞாயிறு

இன்று முழுக்க வீட்டில் இருந்ததால் மகனை முறையாகக் கவனிக்க முடிந்தது.

நீலகண்டனுக்கு இருபத்தேழு வயது. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. மே தொடக்கத்தில் வந்தான், இனி வீட்டிலிருந்தே வேலை என்றான். நான் பார்த்தவரை வேலை எதுவும் நடக்கவில்லை. காலை பதினொரு மணி வரை படுக்கை. தாடி. லேப்டாப் மூடியே கிடக்கிறது. குளிப்பது அவனுக்கு மனம் வந்தால். சாப்பாடு அறைக்குப் போகிறது, பாதி திரும்பி வருகிறது. கதவு சாத்தியிருக்கும், வடிவு ஏதாவது ஒரு சாக்கில் அதைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

முதலாமாண்டு மாணவனே இதை விளக்கிவிடுவான். ஒரு நடத்தை நீடிக்கிறது என்றால் அதற்கு ஏதோ பரிசு கிடைக்கிறது என்று பொருள். படுத்துக் கிடந்தால் சாப்பாடு அறைக்கு வருகிறது, அம்மா தலையைத் தடவுகிறாள், இணையம் இலவசம். எந்தப் புறா அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரும்?

மாலை வடிவிடம் சொன்னேன். "இனிமேல் சாப்பாடு மேசையில்தான். எழுந்து வந்தால் சாப்பாடு. வராவிட்டால் யாரும் கூப்பிடவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. கவனிக்காமல் விட வேண்டும்."

"அவன் புள்ளையா, இல்ல ஒங்க லேபு எலியா?"

"எலி என்றால் ஒரு வாரத்தில் சரி பண்ணிவிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிப்பாள்.

கவனிக்காமல் விடுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பெயரை இந்தத் துறையில் நிலைநிறுத்திய கட்டுரையே அதைப் பற்றித்தான். படுக்கையில் போட்டதும் அழுகிற மூன்று வயதுக் குழந்தை. தூக்கக் கூடாது, பேசக் கூடாது, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும். முதலில் அழுகை கூடும், பிறகு குறையும், பிறகு நின்றுவிடும். நின்றது. அழுகையின் வரைபடம் படிக்கட்டு போல அழகாக இறங்கும். இன்றும் எங்கெங்கோ அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் குழந்தை நீலகண்டன்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் எப்போதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஜூன் 18, புதன்

திட்டம் தொடங்கியது. மேசையில் சாப்பாடு. நீலகண்டன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எல்லாம் நூலில் உள்ளபடி. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் வடிவு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். ஒரு தடவை கொடுத்து ஒரு தடவை மறுப்பதுதான் ஒரு பழக்கத்தை இரும்பாக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. முப்பது வருஷம் உளவியல் பேராசிரியருக்கு மனைவியாக இருந்து ஒரு வரி தெரியவில்லை.

வைஃபையை அணைத்தேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

இன்னொரு கூத்து. பொதுக் குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கழன்று விழுந்துவிட்டதாம். ஐம்பத்தேழு வயதில் ஒரு துறைத்தலைவர், உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்க இருமிக்கொண்டே குளிக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 21, சனி

ஆசிரியர்களுக்கு விஜிலாவின் பயிலரங்கு. 'மாற்றத்தின் படிநிலைகள்.' பவர்பாயிண்டில் ஒரு மாடிப்படி, அதன் அடியில் ஒரு கார்ட்டூன் மனிதன். மனிதன் ஒரே நாளில் மாறுவதில்லையாம். முதல் படியில் நிற்பவனுக்குத் தனக்குப் பிரச்சினை இருக்கிறது என்றே தெரியாதாம். "அவங்கள குறை சொல்லாதீங்க. பிரச்சினை எல்லாம் மத்தவங்களுக்குத்தான்னு அவங்க உண்மையாவே நம்புறாங்க" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னது தற்செயல். வணிகவியல் ஐசக் என்னைப் பார்த்துச் சிரித்தது தற்செயல் அல்ல.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "இந்தப் படிகளை யார் அளந்தது? எந்த அலகில்? ஒருவன் இரண்டாம் படியில் நிற்கிறான் என்பதற்கு அவன் சொல்வதைத் தவிர என்ன சாட்சி?"

"அவர் சொல்றதே எனக்குப் போதும் சார்."

இவளுக்கு நான்தான் வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் போட்டேன். தவறு எல்லோருக்கும் நேர்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

வீடு ஜெயில் போல நடக்கிறது. என் பிரஷர் மாத்திரை டப்பா அலமாரியில் இல்லை. காலையில் வடிவு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு மாத்திரை எடுத்துத் தருகிறாள், குழந்தைக்கு மிட்டாய் தருவது போல. ரோஜாச் செடிக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் காணோம். ஷேவிங் பிளேடு பாக்கெட்டைக் காணோம். கேட்டால், "எலித் தொந்தரவு, எல்லாத்தையும் பீரோவுல வச்சிப் பூட்டியிருக்கேன்" என்கிறாள். எலி எப்போதிருந்து சவரம் செய்துகொள்கிறது?

படுக்கையையும் ஹாலுக்கு மாற்றிவிட்டாள். நீலகண்டன் அறை வாசலுக்குக் குறுக்கே பாய். அங்கேதான் தரை குளிர்ச்சியாம். இந்த வயதில் பெண்களுக்கு வருகிற பதற்றம் என்று எடுத்துக்கொண்டேன். பேச்சுக் கொடுத்தால் வளரும். கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

அம்மாவும் பிள்ளையும் சுசீந்திரம் கோவிலுக்குப் போகிறோம் என்று ஆட்டோவில் கிளம்பினார்கள். பயல் குளித்திருந்தான், சட்டை கூட மாற்றியிருந்தான். திட்டம் வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி. பால் வாங்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆட்டோ சுசீந்திரம் பக்கம் போகாமல் வெட்டூர்ணிமடம் பக்கம் திரும்புகிறது. பின்னாலேயே போனேன். இது உளவு பார்த்தல் அல்ல, நேரடிக் கூர்நோக்கு.

ஆட்டோ நின்றது விஜிலா வீட்டு வாசலில்.

மாலை நேரத்தில் வீட்டில் வைத்து ஆட்களைப் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் மகன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுக்குள் போனான். படிக்கட்டில் அவன் தயங்கியபோது வடிவு அவன் முதுகில் கை வைத்தாள். எனக்குத் தெரிந்து இந்த ஊரிலேயே அதிகம் உளவியல் படித்தவன் நான். என் வீட்டிலிருந்து ஒருவன் என் மாணவியிடம் போகிறான், "ம்ம்" கேட்பதற்கு.

பெட்டிக்கடை முன்னால் நின்றேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மட்டிப்பழம் ஒரு சீப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பால் வாங்கவில்லை.

ஜூன் 28, சனி

காலையில் நீலகண்டன் குளிக்கப் போனதும் சமையலறையில் வடிவைப் பிடித்தேன். குளியலறைக் கதவு தெரிகிற மாதிரிதான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"விஜிலாவிடம் எத்தனை நாளாகப் போகிறீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா? துறையில் என் முகத்தில் எப்படி விழிப்பாள் அவள்?"

அவள் அடுப்பை அணைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீங்க பேப்பர் திருத்த திருச்சிக்குப் போயிருந்திய பாத்தியளா, மே மாசம். அன்னைக்கு நான் மார்க்கெட்டுக்குப் போனவ பைய மறந்துட்டுத் திரும்பி வந்தேன். அவன் ஸ்டூல் மேல நின்னுக்கிட்டிருந்தான். என் சேலைய எடுத்து வச்சிருந்தான். நான் கால கட்டிப் பிடிச்சிக்கிட்டேன். அப்படியே ரெண்டு பேரும் கீழ இருந்துட்டோம். அந்த ஃபேன நான்தான் கழட்டச் சொன்னேன். தாப்பாள நான்தான் எடுத்தேன். கத்தி, மாத்திர எல்லாம் நான்தான் வச்சிப் பூட்டியிருக்கேன். விஜிலாதான் என்னென்ன எடுக்கணும்னு ஃபோன்லயே சொன்னா. மறுநாளே பார்வதிபுரத்து மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னதும் அவதான். மாத்திர சாப்பிடுதான்."

நான் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"விஜிலா, டாக்டர் தவிர ஆருட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினான். அப்பாட்ட சொல்லாதன்னு தனியா ஒரு சத்தியம் வாங்கினான். நான் சொல்லல. ஆனா நீங்க சைக்காலஜி புரொபசர். ஃபேன் இல்லங்கிய, கத்தி இல்லங்கிய, தாப்பாள் இல்லங்கிய, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா என்கிட்டயே வந்து சொல்லுதிய. ஒங்களுக்குத் தெரிஞ்சிட்டுன்னுதான் நெனச்சேன். தெரிஞ்சிக்கிட்டுதான் வைஃபைய அணைச்சியளோன்னு நெனச்சேன்."

குளியலறைக் கதவு திறந்தது. "டவல் எங்கம்மா?" என்றான். "இந்தா வந்துட்டேன் மக்ளே" என்று அவள் போனாள்.

ஜூன் 29, ஞாயிறு

வைஃபை போட்டுவிட்டேன்.

ஜூலை 2, புதன்

மூன்று நாட்களாக வகுப்பு முடிந்ததும் நூலகம். மனச்சோர்வு, இளம் வயது ஆண்கள், எச்சரிக்கை அறிகுறிகள். தூக்கம் மாறுதல், குளிக்காமை, சாப்பாட்டில் நாட்டமின்மை, ஒதுங்குதல். இந்தப் பட்டியலை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி.

எல்லா நூல்களும் மோசமாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரு திட்டம் தயாரித்துக்கொண்டு விஜிலாவின் அறைக்குப் போனேன். சிறு சிறு செயல்களை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போவது. காலை நடை, சவரம், ஒரு நண்பனுக்கு ஃபோன். மனச்சோர்வுக்கு இது ஆதாரமுள்ள முறை. அவளாலும் மறுக்க முடியாது.

அவள் படித்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு சார். இதுல பாதியை நாங்க ஏற்கெனவே செஞ்சிக்கிட்டிருக்கோம்" என்றாள்.

"நீயா? நீ 'ம்ம்' கட்சி அல்லவா?"

"தேவைப்படும்போது ம்ம். தேவைப்படும்போது இது. எந்தக் கட்சின்னு வர்றவங்க கேக்கறதில்ல சார்."

பெரிய தத்துவம். அங்கே என்ன நடக்கிறது, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். நான் அவளுடைய துறைத்தலைவர் என்று நினைவூட்டினேன். அதனால்தான் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல முடியாது என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாங்க. நீலகண்டன் சரின்னு சொல்லியிருக்கார். ஆனா சார், புரொபசரா வராதீங்க. அப்பாவா வாங்க" என்றாள்.

இந்த மாதிரி வாக்கியங்களை எங்கேதான் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறார்களோ.

ஜூலை 6, ஞாயிறு

போனோம். பிரம்பு நாற்காலிகள். இங்கேயும் ஒரு டிஷ்யூ பெட்டி. அதை என் பக்கமிருந்து தள்ளி வைத்தேன்.

விஜிலா ஒரு பயிற்சி என்றாள். நீலகண்டன் ஒரு வாக்கியம் சொல்வான். நான் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கூட எதுவும் சேர்க்கக் கூடாது. அவன் "ஆமா" என்றால் அடுத்த வாக்கியம். எல்கேஜி பாடம்.

நீலகண்டன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு ஜனவரிலயே வேல போயிட்டு."

"உனக்கு ஜனவரியிலேயே வேலை போய்விட்டது. அப்போதே சொல்லியிருந்தால்..."

"'சொல்லியிருந்தால்' வேண்டாம் சார்" என்றாள் விஜிலா.

"உனக்கு ஜனவரியிலேயே வேலை போய்விட்டது."

"ஆமா. தெனமும் பேக்க மாட்டிக்கிட்டுக் கெளம்பிப் போயி பார்க்குல உக்காந்திருப்பேன். கூட ரூம்ல இருந்த பயலுக்குக்கூடத் தெரியாது."

"தினமும் பையை மாட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தாய். இது தவிர்ப்பு நடத்தை. மிகச் சாதாரணமாக..."

"சார்."

"உட்கார்ந்திருந்தாய்."

"ஆமா. ஒங்கள்ட்ட சொல்லணும்னு ஃபோன் போடுவேன். நீங்க எடுத்த ஒடனே 'சொல்லு, என்ன விஷயம்'னு கேப்பிய. நீங்க அப்படிக் கேட்டதும் என்கிட்ட விஷயம் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிரும். 'சும்மாதாம்பா'ன்னு வச்சிருவேன்."

இதைத் திருப்பிச் சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க எதுவும் கிடைக்கவில்லை. அவன் "ஆமா" என்று என்னைப் பார்த்தான். முகம் பார்த்துப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சொன்னான்.

"அந்தக் கட்டுரையில நான் அழுகைய நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கிய. நான் நிறுத்தல. தலவாணியக் கடிச்சிக்கிட்டு அழுவேன்."

"மூன்று வயதில் நடந்தது உனக்கு நினைவிருக்க வாய்ப்பே இல்லை. ஆய்வுகள் தெளிவாக..."

"மூணு வயசுல மட்டும் இல்லப்பா. அஞ்சாங்கிளாஸ் வர."

விஜிலா "ம்ம்" சொல்லவில்லை. எல்லோரும் நான் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். மிக எளிய வாக்கியம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. நான் எழுந்து, கல்லூரியில் வேலை இருக்கிறது என்றேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம" என்றாள் வடிவு.

இருந்தும் வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டாமாண்டு வகுப்பு. பாடத்திட்டப்படி இன்று கவனிக்காமல் விடுதல். படிக்கட்டு வரைபடத்தைப் போட்டேன். வழக்கம்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். மார்த்தாண்டத்திலிருந்து வருகிறவள், பெயர் அனிஷ்மா.

"சார், அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "நன்றாக இருக்கிறான். பெங்களூரில் நல்ல வேலை" என்றேன்.

எழுதிக்கொண்டாள். நான் சொன்னதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 12, சனி

வடிவிடம் ஜாடையாகக் கேட்டேன், விஜிலா அடுத்த தடவை என்னைக் கூப்பிட்டாளா என்று. "நீங்க எந்திரிச்சிப் போனதுக்கு அவ ஒண்ணும் சொல்லல. இவன்தான் சொன்னான், 'அப்பா அவ்வளவு நேரம் இருந்ததே பெரிசு'ன்னு."

ஒரு முனைவரைப் பற்றி அவருடைய வீட்டிலேயே இருக்கிற மதிப்பீடு.

ஜூலை 19, சனி

வடிவின் தங்கைக்குத் தக்கலையில் கண் ஆபரேஷன். காலையில் போனால் சாயங்காலம்தான் வர முடியும். இரண்டு நாளாகப் போகலாமா வேண்டாமா என்று தவித்தவள், இன்று பஸ்ஸுக்கு நேரமானதும் பீரோச் சாவியை என் கையில் வைத்தாள். அவளுடைய கை என் கையை விடவில்லை.

"தூங்கிராதீங்க. பேப்பர் படிக்கேன்னு மாடிக்குப் போயிராதீங்க. அவன்ட்ட தத்துவம் பேசாதீங்க."

"நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"சின்னப்பிள்ளைன்னா பயப்படவே மாட்டேனே" என்றாள்.

அவள் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. நீலகண்டன் அறைக் கதவு லேசாகச் சாத்தியிருந்தது. வடிவின் பாயை விரித்து வாசலில் உட்கார்ந்தேன். தரை குளிர்ச்சியாக ஒன்றும் இல்லை. செய்தித்தாளில் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. உள்ளே சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று பயம். சத்தம் கேட்காவிட்டால் அதைவிட. இந்தப் பயத்தோடுதான் அவள் மே மாதத்திலிருந்து சமைத்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

"நீலா, இருக்கியா?"

"இருக்கேன்."

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டேன்.

"இருக்கேம்பா."

மூன்றாம் தடவை, "தண்ணி வேணுமா?" என்று மாற்றிக் கேட்டேன், சந்தேகம் வராதிருக்க. பதில் வரவில்லை. எழுந்துவிட்டேன். முழங்கால் கதவில் மோதியது.

"உள்ள வந்து இருங்கப்பா. வெளிய நீங்க மூச்சு விடுதது இங்க கேக்கு" என்றான்.

உள்ளே போனேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டேபிள் ஃபேன் வெந்நீர் மாதிரி காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. என் கண் தானாக மேலே போயிற்று, உத்தரத்தில் வெறும் கொக்கி. நான் மேலே பார்ப்பதை அவன் பார்த்தான். நான் நாற்காலியைத் தேடினேன், இல்லை. அதையும் வடிவு எடுத்துவிட்டாள். தரையில் உட்கார்ந்தேன். வேட்டி சட்டையில் இருந்தேன். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிப் போட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றான்.

நான் "சொல்லு, என்ன விஷயம்" என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு உடம்பு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவனாகவே தொடங்கினான். அந்த மே மாதத்து நாளைப் பற்றி, காலையிலிருந்து. எழுந்தது, பல் தேய்த்தது, அம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பியது, அதற்குப் பிறகு அவன் நினைத்தது எல்லாம். நடுவில் பல இடங்களில் எனக்கு வாய் திறந்தது. என் வாயில் முழுக் கட்டுரை ஒன்று, அடிக்குறிப்புகளோடு, தயாராக இருந்தது. விழுங்கினேன். ஓரிடத்தில் அவன் குரல் உடைந்து நின்றபோது வெளியே போய்விடலாம் என்று தோன்றியது, கதவு பக்கத்தில்தான் இருந்தது. போகவில்லை. கட்டில் விளிம்பில் அவன் கால் தொங்கிக்கொண்டிருந்தது. பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. அழுதான். சத்தமாக.

அவன் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. முப்பது வருஷமாக யார் எதைச் செய்தாலும் குறித்து வைப்பது என் தொழில். இது தரவு இல்லை.

மதியம் வடிவு வைத்துவிட்டுப் போன சோறும் கத்தரிக்காய்த் தீயலும். அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேசைக்கு எழுந்து வர வேண்டும் என்ற விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. சாயங்காலம் வடிவு ஓடி வந்து கதவைத் திறந்தபோது நீலகண்டன் தூங்கிக்கொண்டிருந்தான், நான் கட்டிலில் தலை சாய்த்துக்கொண்டு எதையும் எண்ணிக் குறிக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

விஜிலா வீட்டுக்கு நானும் போனேன். கடைசி வரை இருந்தேன். போன தடவை விட்டுப்போன வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னேன். முறைப்படி, அழ விட்டவன் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் எதுவும் சேர்க்கக் கூடாது என்பது விதி. நீலகண்டன் "ஆமா" என்றான்.

டிஷ்யூ தரம் குறைந்தது. முகத்தில் துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொள்கிறது. விஜிலாவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நல்ல நாளும் இருக்கிறது, மோசமான நாளும் இருக்கிறது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். புதன்கிழமை முழுக்க நீலகண்டன் எழுந்திருக்கவில்லை. நானும் வடிவும் மாறி மாறி அறையில் இருந்தோம். எந்த வரைபடத்திலும் இது படிக்கட்டாக இறங்காது, ஏறவும் செய்யாது. விஜிலாவிடம் இதைப் புகாராகச் சொன்னேன். "அப்படித்தான் சார் இருக்கும்" என்றாள். இதுதான் அவளுடைய அறிவியல்.

இன்று காலை அவனாகவே எழுந்து, வடசேரிச் சந்தைக்கு நானும் வருகிறேன் என்றான். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தான். வழியில் காலை நடையின் பயன்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். சந்தையில் ஒரு பாட்டிலில் தேன் பார்த்ததும் தேனீக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று எப்படிக் கற்கின்றன என்று சொன்னேன். வாழைக்காய்க் கடையில் அவன் காயை எடுத்தபோது, முற்றியதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தொடங்கி, பொதுவாக மனிதர்கள் முடிவெடுக்கும் விதம் பற்றி...

"ஒரு நிமிஷம் வாய மூடுங்கப்பா!"

சந்தையே திரும்பிப் பார்க்கிற சத்தம். வாழைக்காய்க்காரி தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். இரண்டு கடை தள்ளி என்னிடம் படித்த ஒருவன் கும்பிடத் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நீலகண்டனின் முகம் சிவந்திருந்தது, மூக்கு விடைத்திருந்தது, கையில் வாழைக்காய். பிறந்ததிலிருந்து என் முகத்துக்கு நேராக அவன் சத்தம் போட்டதில்லை. எவ்வளவு நல்ல சத்தம்.

மூடிக்கொண்டேன்.